‘மின்கசிவு’ என்று எழுதியது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலம். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலனி. மூன்று குடிசைகள் எரிந்து போயிருந்தன. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு ஆடுகள், ரேஷன் கார்டு, ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வெள்ளாற்றில் இறால் தடவிச் சேர்த்த கொஞ்சம் பணம், இவ்வளவும் போயிற்று. தீயணைப்பு வண்டி வராமல் இல்லை. மெயின் ரோடு வரைக்கும் வேகமாகவே வந்தது. அங்கிருந்து காலனிக்குப் போகும் மண்பாதையில் ஒரு வாய்க்கால் பாலம். டிராக்டர் போகும், தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டி போகாது. வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார்கள். குழாய் எட்டவில்லை. பிறகு காலனிக்காரர்களோடு சேர்ந்து குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். அந்த வீரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அங்கே போனது மூன்று வாரம் கழித்து. நிவாரண மனு எழுதப் படித்த ஆள் வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். ஒரு பெரியம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து தீ விபத்து அறிக்கையின் நகலை எடுத்துக் கொடுத்தார். ‘விபத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: மின்கசிவு.

“எங்க வூட்டுக்குக் கரண்டே கெடையாதே தம்பி” என்றார் அவர்.

உண்மைதான். மூன்று குடிசைகளில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது. அதுவும் கடைசியாகப் பிடித்த குடிசை. முதலில் எரிந்த குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. யாராவது வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து பறந்த பொறியாகவும் இருக்கலாம். நான் சொல்வது ஒன்றுதான்: யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதினார்கள். எழுதியது அரசு ஆவணமாகிவிட்டது.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். அந்த ஒரு சொல்லில் என்னென்ன தொங்குகிறது என்று பார்ப்போம்.

தீ ‘விபத்து’ என்றால் அது பேரிடர் நிவாரணக் கணக்கில் வரும். 2022–26 காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த மாநிலப் பேரிடர் நிதி விதிகளின்படி, சமவெளியில் முழுக்க அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். ஆனால் அழிந்தது ‘குடிசை’ என்றால் 8,000 ரூபாய். ஓலையும் மண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் வீடு ஆகாது என்பது அந்த விதியின் கணக்கு.

அதே தீ, சாதியின் பேரால் வைக்கப்பட்டது என்றால் வேறு சட்டம் வருகிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)(iv), பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ குடியிருக்கும் கட்டடத்தை அழிக்கும் நோக்கத்தோடு தீ வைத்தால் ஆயுள் தண்டனை என்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளோடு உள்ள நிவாரண அட்டவணை, எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித் தர வேண்டும் என்கிறது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலன்விசாரணை செய்ய வேண்டும்.

ஒரு பக்கம் 8,000 ரூபாய். மறு பக்கம் செங்கல் வீடு, உயர் அதிகாரியின் விசாரணை, சிறப்பு நீதிமன்றம், ஆயுள் தண்டனை. எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் முதல் கட்டத்தை நிரப்புவது தீயணைப்புத் துறை. அதாவது, தீயணைப்பு வீரர்தான் அரசின் முதல் சாட்சி. காவல்துறை வருவதற்கு முன்னால் அவர் அங்கே நிற்கிறார். எங்கே முதலில் எரிந்தது, கதவு வெளியே தாழிடப்பட்டிருந்ததா, பெட்ரோல் வாசம் அடித்ததா என்பதெல்லாம் அவர் கண்ணுக்கும் மூக்கும் எட்டும் செய்தி. ஆனால் அந்தச் செய்தியைச் சேகரிக்க அவருக்குப் பயிற்சியும் இல்லை, நேரமும் இல்லை, கேட்பார் யாரும் இல்லை. ‘மின்கசிவு’ என்று எழுதிவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் சாதிக்கும் நெருப்புக்கும் உள்ள உறவை இங்கே படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நாயக்கன்கொட்டாயில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. காவல் வண்டியும் தீயணைப்பு வண்டியும் வராதபடி சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததை அங்கே போன உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் மறுபடியும் குடிசைகள் எரிந்தன.

நத்தம் காலனியில் மரம் வெட்டிப் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. காலனிக்கு ஒரே பாதைதான். ஊருக்குள் நாலு பக்கமும் தெரு இருக்கும். சேரிக்குப் போக ஒரு வழி, அதுவும் பெரும்பாலும் ஊரைத் தாண்டித்தான். அந்த ஒரு வழியை அடைத்தால் போதும். எங்கள் பக்கத்துக் காலனிக்கு யாரும் மரம் வெட்டிப் போடத் தேவையே இருக்கவில்லை. அந்த வாய்க்கால் பாலம் அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது.

இப்போது பணத்துக்கு வருவோம். ‘தீயணைப்புத் துறைக்கு நிதி இல்லை’ என்று நாம் வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மை அல்ல. 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, 2023 ஜூலையில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலத் தீயணைப்புப் பணிகளை விரிவுபடுத்தவும் நவீனப்படுத்தவும் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் 500 கோடி, சட்டச் சீர்திருத்தமும் கட்டமைப்புச் சீர்திருத்தமும் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் திட்டச் செலவில் 25 விழுக்காட்டைத் தங்கள் பணத்திலிருந்து போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் 10 விழுக்காடு போட்டால் போதும். தமிழ்நாடு அரசும் 2025இல் தீ ஆணையம் ஒன்றை அமைத்து, ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைமை இயக்குநர் சங்கர் ஜிவாலை அதற்குத் தலைவராக்கியது. 1985ஆம் ஆண்டுத் தீயணைப்புப் பணிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது என்ற கேள்வி எல்லா மட்டத்திலும் எழுந்திருக்கிறது. சீர்திருத்தம் வருகிறது. பிரச்சினை, அது யாரை மனத்தில் வைத்து வருகிறது என்பதுதான்.

அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். நகராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளில் தீயணைப்பும் ஒன்று. பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கானது. அதில் 29 பணிகள் இருக்கின்றன. மீன்வளம் இருக்கிறது, விறகும் தீவனமும் இருக்கின்றன, நூலகம் இருக்கிறது, தீயணைப்பு இல்லை. பரங்கிப்பேட்டை பேரூராட்சி. அதன் எல்லைக் கல்லைத் தாண்டினால் ஊராட்சி. கல்லுக்கு இந்தப் பக்கம் தீயணைப்பு உள்ளாட்சியின் கவலைகளில் ஒன்று; அந்தப் பக்கம் அப்படி ஒரு கவலையே எழுத்தில் இல்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறையாக ஒரே குடையின்கீழ் இருப்பதால் கிராமத்துக்கும் வண்டி வருகிறது, சரி. ஆனால் வண்டி வந்து நிற்க வேண்டிய பாதை, தண்ணீர் எடுக்க வேண்டிய தொட்டி, தாங்க வேண்டிய பாலம் ஆகிய மூன்றும் ஊராட்சியின் கையில். தீயை நினைத்து அவற்றைக் கட்ட வேண்டும் என்று எந்த அட்டவணையும் ஊராட்சிக்குச் சொல்லவில்லை. தலைவர் எந்தத் தெருக்காரர் என்பதைப் பொறுத்துச் சாலை எங்கே நிற்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

நீதியின் கணக்கும் இப்படித்தான். எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி; கண்ணகி வன்னியர். இருவரும் அந்த ஆண்டு மே மாதம் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். உள்ளூர்க் காவல்துறை வழக்கைக் கொண்டுபோன விதத்தால் விசாரணை சிபிஐக்குப் போனது. கடலூர் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021 செப்டம்பரில்தான் வந்தது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் இரண்டு பேர் காவல் அதிகாரிகள். உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது 2025 ஏப்ரலில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. இங்கே விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்புக்கே 18 ஆண்டுகள்.

கண்ணகி–முருகேசன் வழக்கிலும் உடல்களை எரித்தார்கள். நெருப்பு கொலைக்கருவி மட்டும் அல்ல, சாட்சியை அழிக்கும் கருவியும்கூட. அதனால்தான் தீயைப் படிக்கத் தெரிந்தவர்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

இந்த இரண்டு பணத்தையும் யார் தணிக்கை செய்கிறார்கள்? நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. பட்ஜெட் வைத்தபின் அவை ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் எடுத்துப் பார்த்து அறிக்கை தருகின்றன. கேள்வி கேட்கின்றன, செயலாளர்களை வரவழைக்கின்றன, ‘ஒதுக்கியதை ஏன் செலவழிக்கவில்லை’ என்று கேட்கின்றன. அவற்றின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், என்ன செய்தோம் என்று அரசு பதில் சொல்லியாக வேண்டும். பல அமைச்சகங்களின் கோரிக்கைகள் அவையில் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறும் நாட்டில், இந்த அறைகளில்தான் உண்மையான கேள்வி நடக்கிறது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அறைகள் தனித்தனி. தீயணைப்பு உள்துறையில் வருகிறது. அதை உள்துறைக் குழு பார்க்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான பணம் சமூக நீதி அமைச்சகத்தில் வருகிறது. வழக்கமான பொறுப்புக்கு மேல் ஆகும் செலவில் ஒன்றியம் பாதி, மாநிலம் பாதி. அதைச் சமூக நீதிக் குழு பார்க்கும். நீதிமன்றங்கள் சட்ட அமைச்சகத்தில் வருகின்றன. அதை இன்னொரு குழு பார்க்கும். உள்துறைக் குழு எத்தனை வண்டி வாங்கினீர்கள் என்று கேட்கும். சமூக நீதிக் குழு எத்தனை பேருக்கு நிவாரணம் கொடுத்தீர்கள் என்று கேட்கும். எரிந்த சேரிக் குடிசை இந்த மூன்று அறைகளுக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் கிடக்கிறது. ‘எத்தனை காலனிகளுக்கு வண்டி உள்ளே போக முடியும்?’ என்பது எந்த அறையின் கேள்வியும் இல்லை. ‘சேரித் தீக்களில் எத்தனையில் காரணம் ஆராயப்பட்டது?’ என்பதும் யாருடைய கேள்வியும் இல்லை.

சட்டமன்றம் இதைவிடச் சுருக்கம். காவல்துறையும் தீயணைப்புத் துறையும் சேர்த்தே விவாதிக்கப்படும். முதலமைச்சர் பதில் சொல்வார். செய்திகள் முழுக்கச் சட்டம் ஒழுங்கு பற்றியே இருக்கும். தீயணைப்புக்குச் சில புதிய நிலையங்கள், சில வண்டிகள் என்ற அறிவிப்போடு முடியும். கேரளச் சட்டமன்றத்தில் துறைவாரிப் பொருள் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. சமூக நீதியின் தாய்மண் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் நாம் அப்படி ஒரு குழுவைக் கேட்டுப் போராடியதே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். என் நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள்: ‘தீக்குச் சாதி தெரியுமா? எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறாயே.’ தீக்குத் தெரியாதுதான். கூரை எதனால் ஆனது என்பதற்குத் தெரியும். கூரைக்கும் அடுத்த கூரைக்கும் எத்தனை அடி என்பதற்குத் தெரியும். நத்தம் நிலம் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதற்குத் தெரியும். மூன்று சென்ட்டில் மூன்று தலைமுறை குடியிருந்தால் ஒரு பொறி போதும். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 8 லட்சம் வீடுகள் கட்டும் கலைஞர் கனவு இல்லத் திட்டம் நடக்கிறது. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். உண்மையில் அது தமிழ்நாட்டின் மிகப் பெரிய தீத்தடுப்புத் திட்டம். ஆனால் பட்டா இல்லாதவன் அதற்குள் நுழைவது எளிதல்ல. புறம்போக்கில் இருப்பவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆக நாம் கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. நான்கு காரியங்கள்.

முதலாவது, தமிழ்நாட்டில் குடியிருப்பு எரியும் ஒவ்வொரு நிகழ்விலும், அது பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வாழும் இடம் என்றால், தீக்கான காரணத்தைப் பயிற்சி பெற்ற அதிகாரி தடயவியல் உதவியோடு ஆராய வேண்டும். அதுவரை காரணக் கட்டத்தில் ‘விசாரணையில்’ என்றுதான் எழுத வேண்டும். தீ ஆணையத்தின் பரிந்துரைகளில் இது இருக்க வேண்டும்.

இரண்டாவது, 5,000 கோடித் திட்டமானாலும் அடுத்து வரும் திட்டமானாலும், வண்டி எண்ணிக்கையோடு சேர்த்து, அழைப்பு வந்த நேரம் முதல் காலனிக்குள் தண்ணீர் பாய்ந்த நேரம் வரை கணக்குக் காட்ட வேண்டும். மெயின் ரோட்டில் வண்டி வந்து நின்ற நேரத்தை ‘வந்த நேரம்’ என்று எழுதக் கூடாது. பாலமும் பாதையும் தொட்டியும் கட்டத் தனி நிதி வேண்டும். 2024இல் நாம் பெற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இதற்குப் பயன்படாவிட்டால் வேறெதற்கு?

மூன்றாவது, குடிசைக்கு 8,000, வீட்டுக்கு 1,20,000 என்ற வேறுபாட்டை ஒழிக்க வேண்டும். ஏழையின் வீட்டை வீடல்ல என்று சொல்லிப் பணத்தைக் குறைக்கும் விதி அது.

நான்காவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 21(4)இன்படி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு அறிக்கை வைக்கப்பட வேண்டும். அதில் தீ வைப்பு வழக்குகளைத் தனியாகக் காட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு எந்த ஒரு அமைச்சகத்துக்குள்ளும் அடைபட்டது அல்ல. உள்துறையையும் சமூக நீதித் துறையையும் சட்டத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்க அதனால் முடியும். அது இந்த விஷயத்தை எடுக்க வேண்டும்.

எங்கள் சிதம்பரம் தனித்தொகுதி. எங்கள் உறுப்பினர் தொல். திருமாவளவன், நம் இயக்கங்களிலிருந்து போனவர். அதனாலேயே நாம் அவரிடம் மனு கொடுக்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம், கேள்வி எழுதிக் கொடுப்பதில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க அவருக்கும் தரவு வேண்டும். அந்தத் தரவு டெல்லியில் இல்லை, நம் காலனிகளில் இருக்கிறது. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது சட்ட விதி. கடைசியாக எப்போது கூடியது, தீ வழக்கு ஏதாவது பேசப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவில் கேட்கலாம். உங்கள் ஊர்க் காலனிக்குள் தீயணைப்பு வண்டி போகுமா என்று ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கலாம். வெண்மணி நாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய வாரம் இந்த இரண்டு வேலையையும் செய்யலாம் என்கிறேன்.

அந்தப் பெரியம்மாவின் மனுவை நான் எழுதினேன். அறிக்கையில் உள்ள காரணம் தவறு, வீட்டுக்கு மின் இணைப்பே இல்லை, மறுபடி ஆராய வேண்டும் என்று எழுதினேன். பதில் வந்தது. நிவாரணம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று ஒரு வரி.

அந்தப் பாலம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் டேப் வைத்து அளந்தேன். ஏழு அடி.